1746ஆம் ஆண்டின் இரு செப்புத் தகடுகள்



புதுவை நகரத்தின் பழஞ்சரித்திரத்தைப் பற்றி ஆண்டுக்கு ஒருமுறை ஒருவர் எழுந்து பேச வேண்டும், கேட்க விரும்புவோர் தடையின்றி வந்து கேட்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தோடு தம் பொருளில் ஒரு பகுதியை ஒதுக்கி வைத்த பெரியோரை முதற்கண் வணங்குகிறேன். அவர்கள் வகுத்த எல்லைக்குள் நின்றுகொண்டே, இவ்வூரிலிருந்து பல்லாயிரம் மைலுக்கு அப்பால், இவ்வூரைக் கண்ணாலும் கண்டிராத ஒரு சித்திரக்காரர் செப்புத் தகட்டின் வழியே நமக்கு விட்டுச்சென்ற ஓர் அரச ஈமச்சடங்கைப் பற்றிப் பேச நான் துணிந்ததற்குக் காரணம் உண்டு. அச்சடங்கு நிகழ்ந்த ஆண்டு 1746. அந்த ஆண்டில் புதுவையில் நடந்தவற்றை அறிந்த எவருக்கும் அந்தச் சித்திரம் அயலாருடையதாகத் தோன்றாது என்பது என் துணிபு.

பிரான்சு மன்னர் பதினைந்தாம் லூயியின் மூத்த மருமகளும், ஸ்பெயின் மன்னர் ஐந்தாம் பிலிப்பின் மகளுமான மரீ தெரேஸ், 1746 ஜூலை 22ஆம் நாள் வெர்சாய் அரண்மனையில் காலமானார். அப்போது அவருக்கு வயது இருபது. மூன்று நாள் முன்பு, 19ஆம் நாள், அவர் ஒரு பெண்மகவை ஈன்றிருந்தார்; அந்தச் சிசுவும் இரண்டு வயது நிரம்புமுன் தாயைத் தொடர்ந்தது. அவருடைய தந்தையார் அதே ஜூலை 9ஆம் நாள் மத்ரித்தில் இறந்திருந்தார். இளவரசியின் நல்லடக்கம் செப்டம்பர் 5ஆம் நாள், பிரெஞ்சு அரச வமிசத்தாரின் துயிலிடமாகிய சேன் தெனி ஆலயத்தில் நடந்தது. பிறகு நவம்பர் 24ஆம் நாள், பாரீஸ் நகரத்து நோத்ர் தாம் பேராலயத்தில் இரண்டாம் முறையாக ஒரு பெருஞ்சடங்கு நிறைவேற்றப்பட்டது. இவ்விரண்டு சடங்குகளுக்கும் தனித்தனியே ஒரு செப்புத் தகடு உண்டு. இரண்டையும் வரைந்தவர் ஷார்ல் நிக்கோலா கொஷேன். அவருக்கும் அவர் தந்தையார்க்கும் ஒரே பெயர் ஆகையால் சரித்திரக்காரர் இளைய கொஷேன் என வழங்கும் அவர், 1715இல் பிறந்து 1790 வரை வாழ்ந்தவர்.

இந்தக் கொஷேனுக்கும் அந்த இளவரசிக்கும் இடையே முன்னமே ஒரு தொடர்பு ஏற்பட்டிருந்தது. ஒன்றரை ஆண்டுக்கு முன், 1745 பிப்ரவரி 23ஆம் நாள், வெர்சாய் அரண்மனைக் கோயிலில் பதினைந்து வயதுப் பட்டத்திளவரசருக்கும் பதினெட்டு வயது மரீ தெரேசுக்கும் விவாகம் நடந்தபோது, அந்த மணவிழாவைச் சித்திரமாக்கும் பொறுப்பும் கொஷேனுக்கே அளிக்கப்பட்டது. திருமணத்தை ஒட்டி வோல்தேர் எழுத, ராமோ இசையமைக்க, அரண்மனைக் குதிரை லாயத்தில் எழுப்பிய தற்காலிக அரங்கில் ஆடப்பட்ட நாடகத்தையும், கண்ணாடி மண்டபத்தில் விடிய விடிய நடந்த மாறுவேட நடனத்தையும் அவரே வரைந்தார். மணமகளாக வந்து நின்றவரை வரைந்த அதே கை, பதினெட்டே மாதங்களில் அவருடைய பிணப்பேழையை மூடிய அலங்காரத்தை வரைய நேர்ந்தது. அரண்மனையில் விழாவும் கேளிக்கையும் துக்கமும் ஆகிய மூன்றும் மெனு ப்ளெசீர் என்னும் ஒரே இலாகாவின் பொறுப்பில் இருந்தமையால், இதில் அந்நாளில் யாரும் விந்தை காணவில்லை. நாடக அரங்குக்குத் திரை கட்டிய தச்சரும் தையற்காரரும் பொன்முலாம் பூசுவோருமே சாவுச் சடங்குக்கும் வந்தார்கள். 1746இல் அவர்களுக்கு வழிகாட்டும் திட்டத்தை வகுத்தவர்கள் ஸ்லோட்ஸ் சகோதரர்கள் எனப் பெயர்பெற்ற சிற்பிகள்.

இனி, நோத்ர் தாம் ஆலயத்துச் சடங்கைக் காட்டும் சித்திரத்தின் முன் சற்றே நிற்போம். முதற்பார்வையில் அது ஒரு பழைய கோதிக் ஆலயம் என்பதே விளங்குவதில்லை. ஏனெனில், அந்த ஆலயத்தின் தூண்களும் சுவர்களும் கருந்துணியால் மறைக்கப்பட்டு, துணியின்மீது அரச முத்திரைகளும் வெண்மயிர்க் கரைகளும் அணிசெய்ய, பன்னூறு ஆண்டுப் பழமை வாய்ந்த ஒரு கற்கட்டடத்துக்குள்ளேயே மரத்தாலும் துணியாலும் வேறொரு கட்டடம் எழுந்து நிற்கிறது. நடுவில், மேலிருந்து தொங்கும் விதானத்தின் கீழே, படிகள் பல கொண்ட மேடைமீது பேழை; அதனைச் சூழ அடுக்கடுக்காக மெழுகுவத்திகள். இருமருங்கும் மேல்வரிசைகளில் அமர்ந்திருக்கும் பிரபுக்களும் குருமாரும் நகரத்துப் பெரியோரும் எறும்பளவே தெரிகிறார்கள். உருவங்களை இவ்வளவு சிறியவையாக ஆக்கி, கட்டடத்தை இவ்வளவு பெரிதாக ஆக்கியது சித்திரக்காரரின் உபாயம். பார்ப்பவன் தன் சிறுமையை உணர்ந்தாலன்றி அரசின் பெருமையை உணரமாட்டான் என்பதை மெனு ப்ளெசீர் அதிகாரிகள் நன்றாக அறிந்திருந்தார்கள்.

அந்த மெழுகுவத்திகளைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். இந்தக் கலையின் ரகசியம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது. செப்புத் தகட்டை வழவழப்பாகத் தேய்த்து, அதன்மேல் மெழுகும் பிசினும் கலந்த பூச்சைப் பூசி, புகைபிடித்துக் கறுப்பாக்கி, கூரிய ஊசியால் அப்பூச்சைக் கீறி வரைந்து, பின் திராவகத்தில் இட்டால், கீறிய இடங்களை மட்டும் திராவகம் அரித்துப் பள்ளமாக்கும். மென்மையான இடங்களுக்கு இது போதும். உறுதியும் ஆழமும் வேண்டிய இடங்களில் எஃகினாலான செதுக்குளியை உள்ளங்கையால் உந்திச் செப்பை நேராகவே உழுவார்கள். பிறகு தகட்டை இளஞ்சூடாக்கி, பள்ளங்களில் மையைத் திணித்து, மேற்பரப்பைத் துணியாலும் உள்ளங்கையாலும் துடைத்தெடுத்து, ஈரப்படுத்திய காகிதத்தை மேலே வைத்து இரண்டு உருளைகளுக்கிடையே அழுத்தினால், பள்ளத்தில் இருந்த மை காகிதத்துக்கு ஏறிவிடும். தகட்டில் வலமாக வரைந்தது காகிதத்தில் இடமாக வரும் ஆகையால், எழுத்துகள் உட்பட அனைத்தையும் கண்ணாடிப் பிம்பம்போலத் திருப்பி வரைய வேண்டும். இம்முறைகளைப் பற்றி ஆபிரகாம் பொஸ் என்பவர் 1645இல் வெளியிட்ட நூலைச் சரியாக நூறாண்டு கழித்து, 1745இல், திருத்தியும் விரித்தும் மறுபதிப்பாகக் கொண்டுவந்தவரும் இதே கொஷேன்தான். ஆக, இளவரசியின் விவாகத்தை வரைந்த ஆண்டிலேயே தம் தொழிலின் இலக்கணத்தையும் அவர் உலகுக்கு அளித்துவிட்டார்.

இப்படிப்பட்ட கலையில் வெளிச்சத்தை வரைவது எங்ஙனம்? வெள்ளை மை என ஒன்று இங்கே கிடையாது. ஆயிரம் சுடர்கள் எரியும் ஓர் ஆலயத்தை, கறுப்பு மை ஒன்றைக் கொண்டே காட்ட வேண்டும். உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கொண்டு நோக்கினால் விஷயம் புலப்படுகிறது: ஒவ்வொரு சுடரும் ஒரு கோடுகூடத் தீண்டாமல் விடப்பட்ட வெறும் காகிதம். சுற்றிலும் உள்ள இருள், ஒன்றை ஒன்று குறுக்கிட்டு ஓடும் எண்ணிறந்த கோடுகளின் வலை. கோடு நெருங்கும் இடம் கருந்துணியாகிறது, விலகும் இடம் புகையாகிறது, முற்றும் நின்றுவிடும் இடம் ஒளியாகிறது. கை தொடாதிருந்ததனாலேயே சுடர் பிறந்தது. ஒரு தகடு முழுவதும் மாதக்கணக்கில் கருமையை உழுதுகொண்டே, இந்த இந்த இடங்களைத் தொடக்கூடாது என்ற நினைவை ஒரு கணமும் தளரவிடாத பொறுமையை என்னென்பது! அரசரின் பெருமையைப் பறைசாற்றவே இச்சித்திரம் ஆணையிடப்பட்டது என்பதை நான் மறக்கவில்லை. ஆயினும் இதனைப் பார்க்குந்தோறும் என் நெஞ்சு வணங்குவது அந்தத் தொழிலாளியின் கைக்கே.

சித்திரத்தின் அடியில், எச்சடங்கு, எந்நாள், எவர் ஆணையால், எவர் வகுத்த திட்டத்தால் நடந்தது என்பதெல்லாம் அழகிய எழுத்துகளில் பொறிக்கப்பட்டுள்ளன. இறந்த பெண்மணியின் பெயரும் அங்கே உண்டு. அவருடைய குலச்சின்னமும் மேலே உண்டு. அவர் முகம் எங்கும் இல்லை. நோத்ர் தாம் சடங்கு நடந்த நாளில் அவர் உடலும் அந்த ஆலயத்தில் இல்லை. அது இரண்டரை மாதம் முன்பே சேன் தெனியில் அடக்கமாகிவிட்டது. அவ்வளவு மெழுகும் துணியும் விதானமும் ஓர் அடையாளப் பேழையைச் சுற்றியே எழுப்பப்பட்டன. கூச்ச சுபாவமுள்ளவர், கணவரால் மிகவும் நேசிக்கப்பட்டவர் என்று சமகாலத்தவர் சொல்லும் ஓர் இளம்பெண், பேறுகாலத்தில் மாண்ட செய்தி, இச்சித்திரத்தின் எந்த மூலையிலும் இடம்பெறவில்லை. அதைக் காட்டக் கொஷேனுக்கு ஆணையும் இல்லை. அவருக்கு இடப்பட்ட ஆணை சடங்கைக் காட்டுவது. அந்த ஆணைக்குள் நின்று ஒரு கலைஞனால் இயன்ற அனைத்தையும் அவர் செய்தார்.

மரீ தெரேசைப் பிரான்சுக்கு மருமகளாக்கியது பிரான்சு, ஸ்பெயின் ஆகிய இரண்டு பூர்போன் குல அரசுகளுக்கும் இடையே 1743இல் உறுதிசெய்யப்பட்ட நட்புடன்படிக்கை. அவ்வுடன்படிக்கை ஆஸ்திரிய வாரிசுரிமைப் போரின் தேவையால் விளைந்தது. அதே போர்தான், 1746ஆம் ஆண்டில், சோழமண்டலக் கடற்கரைக்கும் வந்து சேர்ந்தது. நாட்களை வரிசைப்படுத்திப் பாருங்கள். ஜூலை 6ஆம் நாள் நாகப்பட்டினத்துக்கு அப்பால் ஆங்கிலக் கப்பற்படையோடு பொருத பிரெஞ்சுக் கப்பற்படைத் தலைவர் லா பூர்தொனே, அதே மாதத்தில் தம் கப்பல்களோடு புதுவைக் கடலில் நங்கூரம் பாய்ச்சுகிறார். அதே மாதத்தில் வெர்சாயில் இளவரசி மாய்கிறார். செப்டம்பர் 5இல் சேன் தெனியில் நல்லடக்கம்; செப்டம்பர் 21இல் சென்னைப்பட்டினத்துக் கோட்டை பிரெஞ்சுக்காரரிடம் சரணடைகிறது. அக்டோபர் நடுவில் வீசிய புயல் லா பூர்தொனேயின் கப்பல்களைச் சிதறடிக்கிறது. நவம்பர் 4இல், பராதி என்னும் தளபதியின் கீழ் நின்ற சிறுபடை, அடையாற்றங்கரையில் ஆர்க்காட்டு நவாபின் மகன் மாபூஸ்கானுடைய பெருஞ்சேனையை முறியடிக்கிறது. அதற்கு இருபதாம் நாள், நவம்பர் 24இல், நோத்ர் தாமில் மெழுகுவத்திகள் ஏற்றப்படுகின்றன. இந்தச் செய்திகளைச் சுமந்து ஒரு கப்பல் ஐரோப்பாவுக்குப் போய்ச்சேர ஆறேழு மாதம் பிடிக்குமாதலால், அந்த ஆலயத்தில் கூடியிருந்தவர்கள் சென்னை வீழ்ந்ததை அறியார். சென்னைக் கோட்டையில் கொடியேற்றியவர்கள் இளவரசி மறைந்ததை அறியார். ஒரே அரசின் குடிகள், ஒரே போரின் அங்கங்கள், ஒருவர் துக்கத்தை ஒருவர் அறியாதிருந்தார்கள். 1748இல் ஏற்பட்ட சமாதானம் சென்னையை ஆங்கிலேயருக்கே மீட்டுக் கொடுத்ததும், மனைவியை இழந்த பட்டத்திளவரசருக்கு 1747 பிப்ரவரியிலேயே சாக்சனி நாட்டு இளவரசி மணமுடிக்கப்பட்டதும் அதே அரசியலின் கணக்குகள்.

அந்த 1746ஆம் ஆண்டிலேயே புதுவையும் ஒரு பெரிய மரணத்தைக் கண்டது. குவர்னர் டூப்ளே துரையின் தலைமைத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் இடையாளராகவும், இருந்த கனகராய முதலியார் பிப்ரவரி மாதத்தில் இறந்தார். தம் ஒரே மகன் வேலவேந்திரன் 1739இல் இறந்துபோன துயரத்தை ஆற்றிக்கொள்ள முடியாமல், ஒழுகரையில் அவன் நினைவாக ஒரு தேவாலயம் எழுப்பியவர் அவர். அந்த ஆலயத் திருநாளை ஒட்டி 1745இல் அவர் நடத்திய விருந்தைப் பற்றி புதுவை வணிகர் ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதியுள்ள பக்கங்களை இவ்வவையில் பலர் படித்திருக்கக்கூடும். கிறிஸ்தவ ஆலயத்து விழாவுக்குப் பிராமணரும் வேளாளரும் செட்டிமாரும் மற்றச் சாதியாரும் அழைக்கப்பட்டு, அவரவர்க்கு அவரவர் முறைப்படி தனித்தனியே சமையல் நடந்ததையும், குவர்னர் வந்துபோனதையும் சொல்லிவிட்டு, இது எந்த மதத்தின் ஆசாரத்துக்கும் பொருந்தவில்லையே என்ற தம் அபிப்பிராயத்தையும் பிள்ளை மறைக்காமல் எழுதிவிடுகிறார். முதலியாரின் மரணத்தைக் குறிக்கும்போதும் அப்படியே. இறந்தவருக்குச் செய்யப்பட்ட மரியாதையோடு, அவர் விட்டுப்போன சொத்து யாரைச் சேரும் என்று தம்பிக்கும் விதவைக்கும் இடையே எழுந்த வழக்கு, அடுத்த துபாஷி யார் என்று வீதியில் எழுந்த ஊகம், யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்பது வரை எல்லாம் அந்த நாட்குறிப்பில் வருகிறது.

கொஷேனின் தகட்டையும் பிள்ளையின் ஏட்டையும் அருகருகே வைத்துப் படித்தாலன்றி அந்த ஆண்டின் சாவு எத்தகையது என்பது நமக்கு முழுவதும் விளங்காது. தகடு, சாவின் முன் அரசு எப்படிக் காட்சியளிக்க விரும்பியது என்பதைச் சொல்கிறது. ஏடு, சாவு நிகழ்ந்த வீட்டின் திண்ணையில் மனிதர் என்ன பேசினர் என்பதைச் சொல்கிறது. வெர்சாயிலும் நாட்குறிப்பு எழுதிய பிரபுக்கள் உண்டு. சொத்தும் பதவியும் பற்றிய பேச்சு அங்கேயும் குறைவின்றி இருந்தது. ஆனால் தம் வர்த்தகக் கணக்குக்கும் நட்சத்திர பலனுக்கும் இடையே ஒரு துபாஷியின் மரணத்தை, மனத்தாங்கலும் மதிப்பும் கலந்த குரலில், தம் தாய்மொழியில், பிறர் ஆணையின்றி எழுதிவைத்த ஒரு தமிழர் நம் ஊர்வீதியில் வாழ்ந்தார் என்பதை நான் பெரும் பேறாகவே கருதுகிறேன்.

நம் முன்னோர் அரசருடைய ஈமத்தைச் சித்திரத்தில் எழுதினாரில்லை, கல்லில் நிலைநிறுத்தினார்கள். வீழ்ந்த வீரனுக்கு நடுகல் நாட்டும் முறையைத் தொல்காப்பியம் காட்சி முதல் வாழ்த்து வரை ஆறு படிகளாக வகுக்கிறது. சோழர் காலத்தில் அது பள்ளிப்படைக் கோயிலாக வளர்ந்தது. முதலாம் ஆதித்தனுக்கு அவன் மகன் பராந்தகன் தொண்டைமானாற்றூரில் எழுப்பியதும், இராசராசன் தேவியருள் ஒருவரான பஞ்சவன் மாதேவிக்கு இராசேந்திரன் பழையாறைப் பகுதியில் எழுப்பியதும் இன்றும் நிற்கின்றன. தன்னைப் பெறாத சிற்றன்னைக்கு ஒரு சக்கரவர்த்தி எடுத்த கோயில் அது. அங்கே சென்று வழிபடுவோருள் பலர் அது பள்ளிப்படை என்பதையே அறியார். சிவலிங்கத்துக்கு விளக்கேற்றித் திரும்புகிறார்கள். இறந்தவரைத் தெய்வத்துள் கரைத்துவிடுவது நம் வழி. பிரெஞ்சு அரசோ, துணியாலும் மெழுகாலும் ஒரு நாளுக்கு மட்டும் ஒரு மாளிகையை எழுப்பி, மறுநாள் அதனைக் கலைத்துவிட்டு, அதன் நினைவைச் செம்பில் பதித்துக் காகிதத்தில் பரப்பியது. எது உயர்ந்தது என்ற வாதத்துக்குள் நான் புகப்போவதில்லை. எது எவ்வளவு காலம் தாங்கியது என்பதை மட்டும் சொல்கிறேன்.

1793 அக்டோபரில், புரட்சி அரசின் ஆணைப்படி, சேன் தெனியின் நிலவறைகள் திறக்கப்பட்டு, பூர்போன் குலத்தார் உடல்கள் அனைத்தும் வெளியே எடுக்கப்பட்டுப் பொதுக்குழிகளில் எறியப்பட்டன. மரீ தெரேசின் உடலும் அவற்றுள் ஒன்று. 1765இல் மறைந்த அவர் கணவர், தம் உடல் சான்ஸ் பேராலயத்தில் அடக்கமாகட்டும், இதயத்தை மட்டும் சேன் தெனியில் முதல் மனைவியின் அருகே வையுங்கள் என்று வேண்டியிருந்தார். இரண்டாம் மனைவியின் வழியே மூன்று மன்னர்களுக்குத் தந்தையான ஒருவர், பத்தொன்பது ஆண்டுக்கு முன் மறைந்த அந்தப் பெண்ணை இவ்வளவு நினைத்திருந்தார் என்பதை எந்தச் செதுக்கோவியமும் நமக்குச் சொல்லவில்லை. மன்னர்களின் கல்லறை சிதைந்தது. சடங்கைக் காட்டிய காகிதம் நூலகங்களில் நிலைத்தது.

நம் ஊர் பட்ட பாடும் இதற்குக் குறைந்ததன்று. ஆனந்தரங்கப் பிள்ளை 1761 ஜனவரியில் கண்மூடிய சில நாட்களிலேயே, 16ஆம் நாள், புதுவை ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. டூப்ளே கட்டிய குவர்னர் மாளிகை உட்பட, கோட்டையும் வெள்ளையர் நகரமும் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டன. குவர்னர் மாளிகையில் கிடைத்த ஓர் அச்சியந்திரத்தை மட்டும் ஆங்கிலேயர் சென்னைக்கு எடுத்துச் சென்று வேப்பேரியில் இருந்த பாப்ரிசியஸ் பாதிரியாரிடம் ஒப்படைத்தார்கள். 1779இல் அவருடைய தமிழ் அகராதி வேப்பேரியில் அச்சேறியது. பிள்ளையின் ஏடுகளோ இவ்வளவு இடிபாட்டுக்கும் தப்பி, அவர் குடும்பத்தார் வீட்டில் கிடந்து, 1846இல், அதாவது நாம் பேசும் அந்த ஆண்டுக்குச் சரியாக நூறாண்டு கழித்து, கலுவா மோன்பிரேன் என்னும் பிரெஞ்சு அதிகாரியின் கண்ணில் பட்டன.

மாணவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. நாட்குறிப்பின் 1746ஆம் ஆண்டுப் பகுதியைப் படிக்கும்போது கொஷேனின் இந்த இரு சித்திரங்களின் பிரதியையும் எதிரே வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு நாள் ஒப்பிட்டுக் குறிப்பெடுங்கள். புதுவைச் சரித்திரத்தைப் பிரெஞ்சு ஆவணத்திலிருந்து மட்டுமோ, தமிழ் ஆவணத்திலிருந்து மட்டுமோ எழுதிவிடலாம் என்று எண்ணுவோருக்கு அந்தக் குறிப்புகளே விடை கூறும்.

பெரியோர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இவ்வூரின் பழைய இல்லங்களில், கூடத்துச் சுவரிலும் பரண்மேல் மரப்பெட்டியிலும், பழைய ஐரோப்பியச் செதுக்கோவியங்கள் இருக்கக்கூடும். அவற்றைச் சட்டமிடக் கொடுக்கும்போது, சட்டத்தின் அளவுக்குப் பொருந்தவேண்டி ஓரங்களைக் கத்தரிக்கும் வழக்கத்தைக் கைவிடுங்கள். சித்திரத்தைச் சுற்றித் தகடு அழுந்திய பள்ளக்கோடு ஒன்று ஓடுகிறது. விரலால் தடவினால் தெரியும். அது மூலத் தகட்டிலிருந்து எடுத்த பிரதி என்பதற்கு முதற்சான்று அக்கோடு. அதன் உட்புறத்தில், அடியில் உள்ள சிறிய எழுத்துகளில், வரைந்தவர் பெயரும் செதுக்கியவர் பெயரும் இருக்கின்றன. அந்த இரண்டையும் காத்துக் கொடுத்தீர்களானால், படத்தைப் பற்றி ஆராய்வோருக்கு வேண்டியதில் பெரும்பகுதியை நீங்களே கொடுத்தவர்களாவீர்கள்.